ஒரே சுவர், மூன்று சம்பளம்

எங்கள் சைட்டின் சம்பளப் புத்தகத்தில் ஒரே சுவருக்கு மூன்று விலை இருக்கிறது. கோப்பேங் பக்கம் ஒரு வரிசைக் கடைவீடு கட்டுகிறோம். செங்கல் கட்டுபவர்கள் மூன்று பேர். ஒருவர் என் பெரியப்பா. வயது 58. கொத்துக்கரண்டி பிடித்து முப்பத்தைந்து வருடமாகிறது. அவருக்கு நாளொன்றுக்கு 130 வெள்ளி. இரண்டாவது ஆள் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டாரில் வரும் பையன். வயது 26, ஆறு வருட அனுபவம். அவனுக்கு 150. மூன்றாமவர் வங்காளதேசத்துக்காரர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். இந்த நாட்டில் எட்டு வருடமாகக் கல் கட்டுகிறார். அவருக்கு 95.

கட்டி முடித்த சுவரில் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பி.கியூ. என்று நாங்கள் சொல்லும் விலைப்பட்டியலிலும் அது தெரியாது. 'அரைக்கல் சுவர், சதுர மீட்டருக்கு இவ்வளவு' என்று அதில் ஒரே ஒரு வரிதான். வீட்டுக்காரர் கொடுப்பதும் அந்த ஒரே விலைதான். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 கல் போகும், உடைவதற்கும் வீணாவதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிவில் எஞ்சினியர் ஒருவனுக்கு இது மனப்பாடம். கூலியும் அந்தக் கணக்கில் ஓர் எண்தான். அந்த எண் உள்ளே போய் எப்படி மூன்றாகப் பிரிகிறது என்பதை வேலைக்கு வந்த பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன்.

ஏன் இப்படி என்று கேட்டால் எல்லோரிடமும் இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று ஊர், இன்னொன்று அனுபவம். "கேஎல் ரேட் வேற, ஈப்போ ரேட் வேற, கோப்பேங்னா இன்னும் வேறலா" என்பார் தவுக்கே. பெரியப்பாவும் அதையே சொல்வார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்வதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சம்பளம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே காரணத்தை நம்பினால், அந்தக் காரணத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் ஊரை எடுத்துக்கொள்வோம். ஊரை வைத்துச் சம்பளம் மாறுவது ஏதோ சந்தையில் தானாக நடப்பது மாதிரிப் பேசுகிறோம். நம் காலத்திலேயே அது அரசாங்கக் கட்டளையாக இருந்திருக்கிறது. 2013-இல் தீபகற்ப மலேசியாவுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று ஆரம்பித்தார்கள். 2016-இல் 1,000 ஆனது, 2019-இல் 1,100 ஆனது. 2020 பிப்ரவரி 1-ஆம் தேதியிலிருந்து மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம் இருக்கும் பகுதிகளில் 1,200, மற்ற இடங்களில் பழைய 1,100 என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

பேராக் வரைபடத்தை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஈப்போ மாநகர் மன்றம், ஆகவே 1,200. தைப்பிங், மஞ்சோங், கோலாகங்சார் எல்லாம் நகராண்மைக் கழகங்கள், அங்கேயும் 1,200. பத்து காஜா, தாப்பா, கம்பார் மாவட்ட மன்றங்கள், அங்கே 1,100. கோப்பேங் கம்பார் மாவட்ட மன்றத்துக்குக் கீழே வருகிறது. ஈப்போவிலிருந்து பழைய சாலையில் தெற்கே வந்தால் சிம்பாங் பூலாய் வரைக்கும் ஒரு சம்பளம், அதைத் தாண்டிக் கோப்பேங் வந்தால் இன்னொரு சம்பளம். நடுவில் சில கிலோமீட்டர்தான். சுங்கை சிப்புட்டோ கோலாகங்சார் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது. அதனால் சுற்றிலும் தோட்டமாக இருந்த அந்த ஊர் 'நகரம்' ஆகிவிட்டது. பல்கலைக்கழகம் வந்து, மாணவர்கள் குவிந்து, அறை வாடகை ஏறிப்போன கம்பார் 'நகரம்' ஆகவில்லை. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று கணக்குப் போட்டால் நகரத்தில் ஒரு நாளுக்கு 46 வெள்ளி 15 காசு, வெளியே 42 வெள்ளி 31 காசு. வித்தியாசம் 3 வெள்ளி 84 காசு. ஒரு ரொட்டி சானாய், ஒரு தேத்தண்ணிக் காசு.

கொத்து வேலை தெரிந்தவர்களின் நாள் சம்பளம் அப்போதே அதற்கு மேல்தான் இருந்தது, அதனால் பெரியப்பாவை இது நேரடியாகத் தொடவில்லை. கலவை சுமப்பவர், காவலாளி, ஆபீஸ் கூட்டுபவர் போன்றவர்களைத்தான் தொட்டது. 2022 மே மாதம் 1,500 என்று ஏற்றியபோது இந்த ஊர்ப் பிரிவினை போய்விட்டது. 2025-இல் 1,700 ஆனபோதும் நாடு முழுக்க ஒரே எண்தான். சட்டத்திலிருந்து அந்தக் கோடு அழிந்துவிட்டது. தவுக்கேக்களின் தலைக்குள் அது இன்னும் இருக்கிறது. கோப்பேங் என்றால் 'ஊர்ப்பக்கம்', ஊர்ப்பக்கம் என்றால் செலவு கம்மி, செலவு கம்மி என்றால் சம்பளமும் கம்மியாகத்தானே இருக்க வேண்டும்?

இதே நாட்டில் இந்தக் கணக்கு ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தது. 1920-களின் இறுதியில் மலாயாவில் இந்தியத் தொழிலாளர்களுக்கு நிலையான சம்பளம் என்று ஒன்றை அரசாங்கம் வகுத்தது. எளிதில் போய்வரக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உள்பகுதி போன்ற தூரத்து இடங்களில் ஆணுக்கு 58, பெண்ணுக்கு 46. அதாவது காட்டுக்குள் இருப்பவனுக்குத்தான் கூடுதல். அரிசியும் உப்பும் அங்கே போய்ச் சேர அதிகச் செலவாகும் என்பதால் அப்படி. ரப்பர் விலை விழுந்ததும் இந்தச் சம்பளமும் வெட்டப்பட்டது, அது வேறு கதை.

அன்றைக்கு ஒதுக்குப்புறத்துக்குக் கூடுதல், 2020-இல் நகரத்துக்குக் கூடுதல். திசை மாறிவிட்டது, கேட்கும் கேள்வி மாறவில்லை. இந்த ஆள் இந்த இடத்தில் உயிரோடு இருந்து நாளைக்கும் வேலைக்கு வர எவ்வளவு ஆகும்? இரண்டு காலத்திலும் அதைத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவன் செய்த வேலைக்கு என்ன மதிப்பு என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஊரை வைத்துச் சம்பளம் என்பது எப்போதும் சோற்றுக் கணக்குத்தான்.

அந்தச் சோற்றுக் கணக்காவது இன்று சரியாக இருக்கிறதா? தோட்டத்துச் சம்பளம் குறைவாக இருந்ததற்குச் சொல்லப்பட்ட நியாயம், லயத்தில் வீடு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆயாக் கொட்டகை இருக்கிறது என்பது. பெரியப்பாவும் அப்பாவும் பிறந்த தோட்டம் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருந்தது. பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள். அப்புறம் ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்றார்கள். வேலை போனபோது லயத்து வீடும் சேர்ந்து போனது, ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டியது. இப்போது பெரியப்பா இருப்பது ஒரு மலிவு விலைத் தாமானில். வீட்டுக்கடன் பேங்குக்குப் போகிறது. தண்ணி பில், கரண்டு பில் அவர் பெயரில் வருகிறது. அரிசி விலை கோப்பேங்கிலும் ஈப்போவிலும் ஒன்றுதான். சைட்டுக்கு வர பஸ் கிடையாது, மோட்டாருக்கு எண்ணெய் போட வேண்டும். தோட்டத்துச் சலுகைகள் எல்லாம் போய், தோட்டத்துப் பக்கத்து ரேட் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இன்னொன்றையும் சம்பளப் புத்தகத்தில்தான் கண்டேன். ஊருக்கு ஊர் அதிகமாக வேறுபடுவது நாள் சம்பளம் மட்டும் இல்லை, மாதத்தில் விழும் நாட்களின் எண்ணிக்கையும்தான். சுங்கை சிப்புட் பையனிடம் அவனுடைய கூட்டாளி கேஎல்லிலிருந்து போனில் பேசும்போது முதலில் கேட்பது "எத்தன நாள் கெடைக்கிது?" என்றுதான், எவ்வளவு என்று இல்லை. கேஎல்லில் ஒரு சைட் முடிந்தால் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். இங்கே மழை பெய்தால் வேலை இல்லை, கல் லாரி வரவில்லை என்றால் வேலை இல்லை, வீட்டுக்காரர் காசு கட்டவில்லை என்றால் ஒரு வாரம் எல்லோரும் வீட்டில். போன மாதம் பெரியப்பாவுக்கு விழுந்தது 17 நாள். 130 வீதம் 2,210 வெள்ளி. பாய்க்கு விழுந்தது 26 நாள். 95 வீதம் 2,470 வெள்ளி.

குறைந்த ரேட் வாங்குபவருக்கு ஏன் அதிக நாள்? காரணம் எளிது. தீபகற்பத்தில் கட்டுமானத் துறையின் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி லெவி. அதை முதலாளி கட்டியிருக்கிறார், தங்க இடமும் கொடுத்திருக்கிறார். போட்ட காசு சும்மா உட்காரக்கூடாது. அதனால் வேலை குறைவாக இருக்கும் நாளில் முதலில் அழைக்கப்படுபவர் பாய், முதலில் "நாளைக்கு வேணாம் அண்ணே" என்று கேட்பவர் பெரியப்பா. இதைப் பார்த்துவிட்டு நம்ம ஆட்கள் "பங்களா வந்துதான் நம்ம பொழப்பு போச்சு" என்பார்கள். பாயிடம் கேட்டால் அவர் கதை வேறு. அவருடைய பெர்மிட் இந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. பக்கத்து சைட்டில் 120 கொடுக்கிறார்கள் என்று தெரிந்தாலும் அவரால் போக முடியாது. ஊருக்கு ஊர் கூலி மாறுகிறது என்ற வாக்கியமே அவருக்குப் பொருந்தாது. எட்டு வருடமாக அவர் ஒரே விலையில் ஒரே இடத்தில் நிற்கிறார்.

சரி, அனுபவத்துக்கு வருவோம். 58 வயதுக்காரர் 26 வயதுக்காரனைவிட 20 வெள்ளி குறைவாக வாங்குகிறார் என்பதே அந்தப் பதிலுக்கு ஓட்டை போட்டுவிடுகிறது. பையன் மோசமான வேலைக்காரன் இல்லை, வேகமானவன், சுத்தமாகச் செய்வான். அவனுக்கு 150 கிடைப்பதற்குக் காரணம் வேறு. கேஎல்லுக்குப் போக அவனுக்கு ஒரு பை போதும். ஜோகூரில் அண்ணன் இருக்கிறான், சிங்கப்பூர் பக்கமும் வழி தெரியும். "கொடுக்கலனா நான் கெளம்புறேன் பாஸ்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அவன் நிஜமாகவே கிளம்பிவிடுவான் என்று தவுக்கேவுக்குத் தெரியும். பெரியப்பா கிளம்ப மாட்டார் என்றும் தெரியும். பெரியம்மாவுக்கு வாரம் மூன்று தடவை ஈப்போவில் டயாலிசிஸ். அந்த 20 வெள்ளிக்கு வேறு எந்தக் கணக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

பெரியப்பாவும் ஒரு காலத்தில் கிளம்பிப் போனவர்தான். தொண்ணூறுகளில் கேஎல்லில் எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது போனார். ஒரு சீனச் சீபுவிடம்தான் தொழில் படித்தார். மட்டம் பார்ப்பது, நூல் கட்டுவது, மூலைக்கல்லை நிறுத்துவது எல்லாம் அங்கே கற்றது. "அந்தச் சீபு ஒரு வார்த்த பேச மாட்டாரு. கல்லு கோணலா இருந்தா காலால ஒதச்சித் தள்ளிட்டுப் போயிருவாரு. அதான் பாடம்" என்பார். 1997-இல் பணம் விழுந்தது, வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஊருக்குத் திரும்பினார். கேஎல்லில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அங்கேயே இருந்துவிட்டார்கள். இங்கே வந்தபோது அவர் மறுபடியும் புது ஆள். அனுபவம் ஆளோடு போகும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நம்மைத் தெரிந்தவர்களிடம் தங்கிவிடுகிறது. தாள் இல்லாதவனுக்கு ஊர் மாறினால் அனுபவமும் முதலிலிருந்து ஆரம்பம்.

தாள் என்று ஒன்று இருக்கிறது. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி கொடுக்கும் அட்டை. அது இல்லாமல் சைட்டுக்குள் நுழையக்கூடாது. அதில் பொதுத் தொழிலாளி என்றும் இருக்கலாம், திறன் பெற்றவர் என்றும் இருக்கலாம். திறன் பெற்றவர் ஆக வேண்டுமானால் சோதனை கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பெரியப்பாவின் அட்டையில் இன்னும் பொதுத் தொழிலாளிதான். இதுபற்றி அவரிடம் பேசினேன்.

"சோதன எடுத்திடுங்க பெரியப்பா. ஒரு நாள் வேல. ஒங்களுக்கு அது ஒரு மேட்டரே இல்ல."

"நான் கட்டுன கட்டடத்துலதான் அவனுங்க ஆபீஸ் வச்சிருப்பானுங்க. நான் போயி அவன்கிட்ட கல்லு கட்டிக் காட்டணுமா?"

"அது அப்படி இல்ல..."

"ஏன் தம்பி, அட்டைல பேரு மாறிட்டா தவுக்கே ரேட்ட மாத்திருவாரா?"

அதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை என்பதைவிட, பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. அட்டை வாசலைத் திறக்கும். ரேட்டைப் பேச வேறு பலம் வேண்டும்.

அவருடைய முப்பத்தைந்து வருடம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை அளப்பது என் வேலை. கல் கட்டிய சுவர் நேராக இருந்தால் மேலே பூசும் சிமெண்டுப் பூச்சு மெல்லியதாக இருந்தால் போதும். சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தால், அதை மறைக்கப் பூச்சைத் தடிப்பாக்க வேண்டும். 100 சதுர மீட்டர் சுவரில் பூச்சு 10 மில்லிமீட்டர் கூடினால் ஒரு கன மீட்டர் கலவை கூடுதல். ஒன்றுக்கு ஆறு கலவையில் அது ஏறக்குறைய ஐந்து மூட்டை சிமெண்டு, அதற்கேற்ற மணல், பூசுபவரின் நேரம். சுவருக்கு இரண்டு பக்கம். பெரியப்பா கட்டிய சுவரில் மட்டக்கோலை வைத்தால் இடைவெளியில் ஒரு அட்டையைக்கூட நுழைக்க முடியாது. ஆகவே அவர் ஒவ்வொரு மாதமும் சிமெண்டை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். அந்த மிச்சம் கம்பெனியின் பொருள் செலவுக் கணக்கில் லாபமாக வருகிறது. சம்பளப் புத்தகத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. நாள் சம்பளத்தில் அனுபவத்துக்குக் கிடைக்கும் கூலி, அடுத்த முறையும் கூப்பிடுவார்கள் என்பது மட்டும்தான்.

இந்த மூன்று பேருக்கும் தவுக்கேவுக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார், கெபாலா. ஆள் கொண்டுவருவது அவர் வேலை. ஒவ்வொரு ஆளின் நாள் கூலியிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. எவ்வளவு என்று அவர் சொல்ல மாட்டார். தோட்டத்துக் கதைகள் படித்தவர்களுக்கு இவரை அடையாளம் தெரியும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கங்காணியின் கையில் குடை இருந்தது, கெபாலாவின் கையில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆளின் அனுபவம் கூடினால் கெபாலாவுக்கு ஒன்றும் கூடாது. ஆட்களின் எண்ணிக்கை கூடினால்தான் கூடும். ஆகவே அவரும் ரேட் பேச மாட்டார், தலை எண்ணுவார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் யாராவது ஒருவருக்கு ஒரு சித்தப்பாவோ மாமாவோ சைட்டில் இருப்பார். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 33-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கெபாலாவோ துணைக் குத்தகையாளரோ சம்பளம் கொடுக்காமல் ஓடிவிட்டால், அவருக்கு வேலை கொடுத்த மேல் குத்தகையாளரிடமே அந்தச் சம்பளத்தைக் கேட்கலாம். தொடர்ந்து மூன்று மாதச் சம்பளம் வரைதான் கேட்க முடியும். சம்பளம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வழக்கைத் தொடங்கிவிட வேண்டும். போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. "அடுத்த மாசம் சேத்துக் குடுக்குறேன்" என்று மூன்று முறை கேட்டுக்கொண்டிருந்தால் அந்த 90 நாள் முடிந்துவிடும். நம் ஆட்கள் பெரும்பாலும் நான்காவது மாதம்தான் கோபப்படுகிறார்கள்.

இந்த ஜூன் மாதம் பெரியப்பா ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் நாள் சம்பளம் வேண்டாம், போரோங்கில் எடுக்கிறேன் என்றார். அதாவது சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று பேசி, தன் கையாளைத் தானே வைத்துக்கொள்வது. தாப்பாவில் ஒருவர் தன் நிலத்தில் வீடு கட்டுகிறார். எங்கள் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்து, மலாயில் எழுதித் தரச் சொன்னார். கூலி மட்டும், கல்லும் சிமெண்டும் வீட்டுக்காரர் பொறுப்பு, சதுர மீட்டருக்கு 18 வெள்ளி. அவரும் ஒரு கையாளும் சேர்ந்தால் நாளைக்கு 14 சதுர மீட்டர் நிதானமாகக் கட்டுவார்கள். 252 வெள்ளி. கையாளுக்கு 90 போக அவருக்கு 162. இதே கை, இதே கரண்டி. போரோங்கில்தான் அவருடைய வேகம் முதல்முறையாக அவர் பைக்குள் வருகிறது. மழை பெய்தால் ஒன்றுமில்லை, விழுந்து அடிபட்டால் முதலாளி என்று கைகாட்ட ஆள் இல்லை. அதனால் சொக்சோவில் சுயதொழில் செய்பவராகப் பதிந்துகொள்ளச் சொன்னேன், அதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் ஐசியை எடுத்து நீட்டினார்.

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். யோசித்துவிட்டு, இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். தாப்பாவுக்குப் போய்வரும் எண்ணெய்ச் செலவு தனி, ஒரு நாளைக்கு 15 வெள்ளி.

"அது ரேட்டுக்குள்ளயே அடங்கட்டுமே பெரியப்பா, 19-னு போட்டுரலாம்" என்றேன்.

"வேணாம். தூரம் தனி, வேல தனி. ரெண்டையும் ஒண்ணா கலந்தா, நாளைக்கு இவன் வீட்டுப் பக்கத்துல வேல வந்தா வேலையோட வெலையவும் சேத்துக் கொறைப்பானுங்க."

தனி வரியாகவே எழுதினேன். வீட்டுக்காரர் 17-க்குக் கேட்கிறார். பெரியப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.